மிகைமெய்ம்மைக் கண்ணாடியும் கண்ணுக்கு இசைந்த தூரமும்

பொறிகள் ஐந்தனுள்ளும் சேய்மையையும் அண்மையையும் ஒருங்கே அறியவல்லது கண்ணேயாகும். நானாட்டான் வயல்களுக்கு நீரூட்டும் கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டில் நின்று அக்கரை மரங்களை நோக்கும் மாணவன் ஒருவன், அடுத்த கணமே தன் கையிலுள்ள நூலின் சிற்றெழுத்துக்களையும் வாசிக்கின்றான். பல நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள மரமும், முப்பது சதமமீற்றர் தூரத்திலுள்ள எழுத்தும் அவனுக்கு ஒரே தெளிவோடு புலனாகின்றன. இம்மாற்றம் மிகவிரைவில் நிகழ்ந்துவிடுதலின், அதன்பொருட்டுக் கண் ஆற்றும் உழைப்பை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வுழைப்பை எண்ணிப் பார்க்கவேண்டிய தேவையை அண்மைக்காலத்தில் எழுந்த புதுக் கருவியொன்று உண்டாக்கியுள்ளது. ‘ஓக்மென்ரட் றியலிற்றி’ என மேலைநாட்டார் வழங்கும் மிகைமெய்ம்மையைக் காட்டும் தலையணிக் கண்ணாடியே அக்கருவியாகும்.

கருவியின் இயல்பு

மிகைமெய்ம்மை என்பது யாது? உள்ள உலகை மறைத்து வேறோர் உலகைக் காட்டுவது மெய்நிகர்க் காட்சி. உள்ள உலகை உள்ளவாறே காணவிட்டு, அதன்மேல் இல்லாத உருவொன்றை இருப்பதுபோல வைத்துக்காட்டுவது மிகைமெய்ம்மைக் காட்சி. வகுப்பறை மேசையின் மேல் மனித இதயமொன்று துடித்துக்கொண்டிருப்பதுபோலக் காட்டலாம். பழுதுற்ற இயந்திரத்தின் எந்த ஆணியை முதலிற் கழற்றுதல் வேண்டும் என அவ்வாணியின் அருகிலேயே எழுத்திற் காட்டலாம்.

தலையில் அணியும் இத்தகைய கருவியை 1968 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஐவன் சதலன்ட் என்பார் அமைத்துக் காட்டினார். விமானம் கட்டும் தொழிலாளருக்கு மின்கம்பிகளின் ஒழுங்கைக் கண்ணெதிரே காட்டும் நோக்கத்தோடு போயிங் நிறுவனத்தார் 1990 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மேற்கொண்ட முயற்சியின்போதே மிகைமெய்ம்மை என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயர் வழக்கில் வந்தது. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தார் 2016 இலும் 2019 இலும் வெளியிட்ட ஹொலோலென்ஸ் கருவிகள், 2018 இல் வந்த மஜிக் லீப், 2024 இல் வந்த அப்பிள் விஷன் புரோ என்பன இதன் வளர்ச்சிப் படிகள். இவற்றுள் ஹொலோலென்ஸின் உற்பத்தி 2024 இல் நிறுத்தப்பட்டதாயினும், அதன்பொருட்டு வகுக்கப்பட்ட தூர விதிகள் இன்றும் கற்றற்குரியன. சென்னையிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்திலும் மெய்நிகர்க் காட்சி, மிகைமெய்ம்மைக் காட்சி என்பவற்றின் ஆராய்ச்சிக்கெனத் தனிநிலையம் ஒன்று அமைந்துள்ளது. ஆகவே, இக்கருவி தமிழ் மாணவரின் கைக்கு எட்டும் நாள் தொலைவில் இல்லை.

கண் செய்யும் இருதொழில்

ஒரு பொருளை நோக்குங்கால் கண்கள் இருவேறு தொழில்களைச் செய்கின்றன. முதலாவது தன்னமைவு. கண்ணினுள்ளே உள்ள வில்லையைச் சூழ்ந்து வளையம்போன்ற தசையொன்று அமைந்துள்ளது. அண்மையிலுள்ள பொருளை நோக்கும்போது அத்தசை சுருங்க, வில்லை தடித்து அதன் வலு மிகுகின்றது. சேய்மையை நோக்கும்போது தசை தளர, வில்லை தட்டையாகின்றது. பொருளின் விம்பம் விழித்திரையில் தெளிவாக விழுதற்கு இத்தொழிலே காரணம். ஒல்லாந்து நாட்டு மருத்துவர் தொண்டேர்சு என்பார் 1864 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் இதனை விரிவாக ஆராய்ந்தது.

இரண்டாவது ஒருங்கல். இருகண்களின் நடுப்புள்ளிகளுக்கும் இடையேயுள்ள தூரம், வளர்ந்தோரிடத்துச் சராசரியாக 63 மில்லிமீற்றர் அளவினது. இருகண்ணும் ஒரே பொருளை நோக்கவேண்டுமாயின் அவை உட்புறமாகத் திரும்புதல் வேண்டும். பொருள் 2 மீற்றர் தூரத்தில் இருப்பின் இருபார்வைக் கோடுகளுக்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 1.8 பாகை, 1 மீற்றரில் 3.6 பாகை, அரை மீற்றரில் 7.2 பாகை, கால் மீற்றரில் 14.4 பாகை. தூரம் பாதியாகுந்தோறும் கோணம் இருமடங்காதலைக் காண்க.

இவ்விரு தொழிலும் இணைந்தே நடைபெறுவன என்பதை எளிய சோதனையொன்றால் அறியலாம். கைவிரலொன்றை முகத்துக்கு முன்னே ஒரு சாண் தூரத்திற் பிடித்துக்கொண்டு, தொலைவிலுள்ள பனைமரம் ஒன்றை நோக்குக. விரல் இரண்டாகவும் மங்கலாகவும் தோன்றும். பின்னர் விரலை நோக்குக. இப்போது பனைமரம் இரண்டாகி மங்கும். இரண்டாகத் தோன்றுதல் ஒருங்கலின் விளைவு. மங்குதல் தன்னமைவின் விளைவு. ஒன்று மாறும்போது மற்றையதும் உடன்மாறுகின்றது. இயற்கையில் எப்பொருளும் ஒரே தூரத்திலிருந்தே ஒளியையும் அனுப்பி, இருகண்களையும் தன்பால் ஈர்க்கின்றதாதலின், பிறந்தது முதல் மூளை இவ்விரண்டையும் ஓர் இணையாகவே ஆண்டு பழகியுள்ளது.

இணை பிரியும் இடம்

தலையணிக் கண்ணாடி பிரித்துவைப்பது இவ்விணையையே. இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் சிறிதே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் மூளை அவற்றை ஒன்றாக்கித் திண்பொருளாக உணரும் என்பதைச் சாள்சு வீற்ஸ்ரன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1838 ஆம் ஆண்டிலேயே காட்டினார். இன்றைய கண்ணாடிகளும் அவ்வழியையே பின்பற்றுகின்றன. படங்களின் வேறுபாட்டைக் கூட்டியும் குறைத்தும் உருவத்தை அண்மையிலோ சேய்மையிலோ இருப்பதாகக் காட்டலாம். ஆயினும் கண்ணாடியின் வில்லைகளும் ஒளிவழிகளும் அப்படத்தின் ஒளியைக் குறித்த ஒரு தூரத்திலிருந்து வருவதாகவே அமைத்து அனுப்புகின்றன. ஹொலோலென்ஸ் கருவியில் அத்தூரம் ஏறத்தாழ 2 மீற்றர்.

ஆகவே, இதயத்தின் உருவமொன்று அரை மீற்றர் தூரத்தில் வைத்துக் காட்டப்படுமாயின், இருகண்களும் அரை மீற்றருக்கு ஒருங்குதல் வேண்டும். வில்லையோ 2 மீற்றருக்கு அமைதல் வேண்டும். ஒருங்கல் ஒருபுறமும் தன்னமைவு மறுபுறமும் இழுக்க, இரண்டையும் இணைத்தே பழகிய மூளை இடர்ப்படுகின்றது. கண் வலித்தல், தலையிடித்தல், எழுத்து இரட்டித்தல், கருவியைக் கழற்றிய பின்னரும் பார்வை சிறிதுநேரம் நிலைகொள்ளாமை என்பன இதனால் நேர்வன. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இம்முரண் பார்வைத் திறனைக் குறைப்பதோடு களைப்பையும் உண்டாக்குகின்றது என நிறுவியது.

முப்பரிமாணத் திரைப்படங்களிலும் இம்முரண் உண்டு. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாகிய ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ 1984 இல் மலையாளத்தில் வெளிவந்தபோது, திரையிலிருந்து பொருள்கள் முகத்தருகே வருவதுகண்டு மக்கள் வியந்தனர். ஆனால் திரையரங்கில் அத்தகைய காட்சி சில கணங்களே நிகழ்வது. தலையணியோ மணிக்கணக்காக அணியப்படுவது. அதிலும் கையால் தொழில் செய்வோர் அணிவது. இதுவே இருவேறு கருவிகளுக்கும் உள்ள வேற்றுமை.

இசைந்த தூரத்தின் கணக்கு

இசைந்த தூரம் எது என்பதை மீற்றரால் அளப்பதிலும் டயொப்ரரால் அளப்பது தெளிவுதரும். பௌதிகம் கற்கும் மாணவர் வில்லையின் வலுவைக் கணிக்கும் அலகு இதுவே. தூரத்தை மீற்றரில் எழுதி, அவ்வெண்ணால் ஒன்றை வகுத்தால் வருவது டயொப்ரர். அடிவானத்துக்கு 0, 5 மீற்றருக்கு 0.2; 2 மீற்றருக்கு 0.5, 1 மீற்றருக்கு 1, அரை மீற்றருக்கு 2, கால் மீற்றருக்கு 4.

இனி, ஹொலோலென்ஸுக்கென அதனைச் செய்தோர் வகுத்த விதியை நோக்குவது தகும். உருவங்களை 2 மீற்றர் தூரத்தில் வைத்தலே சிறப்பு, 1.25 மீற்றர் முதல் 5 மீற்றர் வரையுள்ள இடைவெளி இசைந்தது என்பது அவ்விதி. முதற்பார்வைக்கு இவ்வெண்கள் ஒழுங்கின்றித் தோன்றும். 2 இலிருந்து ஒருபுறம் முக்கால் மீற்றரே இடங்கொடுத்து மறுபுறம் 3 மீற்றர் இடங்கொடுத்தது யாது காரணம் பற்றி? டயொப்ரரில் மாற்றி நோக்கின் விடை தானே புலனாகும். 1.25 மீற்றர் என்பது 0.8, 2 மீற்றர் 0.5, 5 மீற்றர் 0.2. இருபுறமும் வேறுபாடு 0.3 டயொப்ரரே. கண் தூரத்தை மீற்றர்க் கோலால் அளப்பதன்று, வில்லையின் வலுவால் அளப்பது என்னும் உண்மை இவ்விதியின் அடியில் உள்ளது.

இக்கணக்கினின்றும் வேறோர் உண்மையும் பெறப்படும். 5 மீற்றரில் உள்ள உருவத்தை அடிவானம் வரை நகர்த்தினும் கூடும் வேறுபாடு 0.2 டயொப்ரர் மாத்திரமே. அரை மீற்றரில் உள்ளதை ஒரு சாண் அண்மைக்கு, அஃதாவது கால் மீற்றருக்குக் கொணரின் கூடுவது 2 டயொப்ரர். சேய்மையில் ஒரு காதம் செய்யாத இடரை அண்மையில் ஒரு சாண் செய்துவிடுகின்றது. இதுபற்றியே, ஹொலோலென்ஸின் இரண்டாம் கருவிக்கு எழுந்த விதிகள், 40 சதமமீற்றரை அணுகும் உருவம் மங்கத் தொடங்கி 30 சதமமீற்றரில் முற்றாக மறைந்துவிடுதல் வேண்டும் எனக் கூறின. முகத்தருகே முன்னும் பின்னுமாக ஓயாது அசையும் உருவம், நிலைத்து நிற்பதினும் வருத்துவது என்பதும் அவ்விதிகளிற் கூறப்பட்டது.

வலியில்லாத பிழை

வலி தோன்றினால் கருவியைக் கழற்றிவிடலாம். அதனால் வலியைப் பெருந்தீங்கு என்று கொள்ளவேண்டுவதில்லை. வலி தோன்றாமலே நிகழும் பிழையே அஞ்சத்தக்கது.

மெய்நிகர்க் காட்சியில் காணப்படுவன யாவும் புனைவே. மிகைமெய்ம்மையிலோ மெய்ப்பொருளும் புனைபொருளும் அடுத்தடுத்து நிற்கின்றன. சத்திரசிகிச்சை செய்யும் மருத்துவர் ஒருவர் நோயாளியின் உடலின்மேல் வெட்டவேண்டிய கோட்டைக் கண்ணாடியினூடே காண்கின்றார் எனக் கொள்க. உடல் அரை மீற்றர் தூரத்தில் உள்ளது. கோட்டின் ஒளியோ 2 மீற்றரிலிருந்து வருவதுபோல் வருகின்றது. உடலைத் தெளிவாகக் காணின் கோடு மங்கும். கோட்டைத் தெளிவாகக் காணின் உடல் மங்கும். இரண்டையும் ஒருங்கே தெளிவாகக் காணல் அரிது. கை எட்டும் தூரம் முக்கால் மீற்றருக்கு உட்பட்டது. எனவே, மனிதன் நுட்பமான தொழில்களைச் செய்யும் இடமே இக்கண்ணாடி கண்ணோடு மிகக்குறைவாக இசையும் இடமாக அமைந்துவிட்டது.

இத்தாலியிலுள்ள பீசாப் பல்கலைக்கழகத்தார் இதனைச் சோதித்தனர். ஹொலோலென்ஸ் அணிந்தோர் சிலரைக்கொண்டு, கண்ணாடியிற் காட்டப்படும் புள்ளிகளைத் தாளின்மேல் கோட்டால் இணைக்கச் செய்தனர். வெறுங்கண்ணாற் செய்ததிலும் கண்ணாடியோடு செய்தது பிழைமிக்கதாயிற்று. பங்குபற்றியோர் பெருங்களைப்பு எதனையும் உணர்ந்திலர். பெரும்பாலோர் தாம் பிழைவிட்டதையும் அறிந்திலர். மில்லிமீற்றர் அளவில் நிகழும் இத்தகைய பிழை வகுப்பறைச் சித்திரத்திற் பொருட்டன்று. சத்திரசிகிச்சையில் உயிரோடு தொடர்புடையது. எனவே இசைந்த தூரம் என்பது சுகம் பற்றிய கேள்வி மாத்திரமன்று. நம்பத்தகுமோ என்னும் கேள்வியுமாகும்.

பிற இடர்களும் உள. புனையுருவில் மனம் ஊன்றிய ஒருவன் காலடியிலுள்ள படியைக் காணாது இடறிவிழலாம். உருவமொன்று எதிரே வரும் வண்டியை மறைக்கலாம். கண்களுக்கு இடைப்பட்ட தூரம் கருவியில் ஒழுங்காகப் பொருத்தப்படாவிடின் உருவம் இருக்குமிடம் பற்றிய மதிப்பீடு தவறும். அரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையை நெற்றியிற் சுமத்தலால் கழுத்து நோகும். ஹொலோலென்ஸின் இரண்டாம் கருவி 566 கிராம் நிறையுடையது. அக்கருவி லேசர் ஒளியைப் பயன்படுத்தியபோதும், வழமையான பாவனையிற் கண்ணுக்கு ஊறு செய்யாத முதலாம் வகுப்பில் அடங்கியது. ஆதலின் ஒளியைக் கண்டு அஞ்சுவதினும் தூரத்தைக் கண்டு அஞ்சுவதே பொருத்தம்.

எல்லாக் கண்ணும் ஒன்றல்ல

மேற்கூறிய எண்கள் பொதுவிதிகளே. ஒவ்வொருவர் கண்ணும் வேறுபட்டது. பத்து வயதுச் சிறுவன் ஏழெட்டுச் சதமமீற்றர் வரை அண்மையிலுள்ள எழுத்தையும் தெளிவாகக் காணுதல் கூடும். நாற்பது வயதில் அவ்வெல்லை 20 சதமமீற்றரைக் கடந்துவிடும். ஐம்பதுக்கு மேல் கைநீட்டிப் பிடித்தாலன்றி நூல் வாசித்தல் அரிதாகும். வெள்ளெழுத்து என மக்கள் வழங்குவது இதனையே. வெள்ளெழுத்து உடையார்க்கு 2 மீற்றரில் நிற்கும் உருவம் மூக்குக்கண்ணாடியின்றியும் தெளிவாகத் தோன்றுதல் கூடும். அதன் அருகே தம் கையிலுள்ள தாள் மங்கும்.

சிறுவர் கண் வலிமைமிக்கது என்பதுகொண்டு அவர்க்கு இடரில்லை எனக் கருதலாகாது. தமிழ்நாட்டுப் பாடசாலைச் சிறுவரின் இருகண் இணைவுத் திறனை ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று இங்கே கருதத்தக்கது. 7 வயது முதல் 17 வயது வரையுள்ள மாணவரை நகரத்திலும் கிராமத்திலும் சோதித்ததில், ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேரிடம் ஒருங்கலிலோ தன்னமைவிலோ குறைபாடு காணப்பட்டது. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது அண்மைப் பொருளுக்குக் கண்கள் போதிய அளவு ஒருங்காமையே. இவர்கள் மாறுகண் உடையாரல்லர். தூரத்து எழுத்துப் பலகையை வாசிக்கும் பொதுச் சோதனையில் தேறிவிடக்கூடியவர்கள். முப்பது பேர் கொண்ட வகுப்பொன்றில் ஒன்பது பத்துப் பேர் இவ்வாறு இருத்தல் கூடும் என்றால், அவ்வகுப்பில் எல்லார்க்கும் ஒரே கண்ணாடியை ஒரே நேர அளவுக்கு அணிவித்தல் முறையாமோ? தலைவலி என்று கூறும் மாணவனைச் சோம்பேறி எனக் கடிதல் நீதியாமோ? கருவி செய்வோர் பலர் 13 வயதுக்கு உட்பட்டோருக்கு இவற்றை விலக்கியுள்ளமையும் நினைவில் வைத்தற்குரியது.

வழிவகைகள்

இம்முரணை நீக்க அறிஞர் முயன்று வருகின்றனர். 2018 இல் வந்த மஜிக் லீப் கருவி, ஒரு தூரத்துக்குப் பதிலாக இரு தூரங்களில் ஒளியை அமைத்துக் காட்டியது. கண் நோக்கும் திசையை அறிந்து அதற்கேற்ப வில்லையின் வலுவை மாற்றும் கண்ணாடிகளும் ஆராய்ச்சி நிலையங்களில் அமைக்கப்பட்டுள்ளன. அவை யாவர்க்கும் எளிதிற் கிட்டும்வரை தூரத்தை அறிந்து கையாளுதலே பாதுகாப்பாகும்.

பாடசாலையொன்று இக்கருவியைப் பெறுமாயின் கொள்ளத்தக்கன சில. முதலாவது, வாசிக்கவேண்டிய எழுத்தும் நெடுநேரம் நோக்கவேண்டிய உருவமும் கருவியின் ஒளி அமைந்த தூரத்துக்கு அண்மையாகவே நிற்றல் வேண்டும். இதயத்தைக் கையருகே கொணர்வதிலும் இரண்டு மீற்றருக்கு அப்பால் பெரிதாக்கிக் காட்டுதல் நன்று. இரண்டாவது, கையருகே நோக்கவேண்டியது ஏதேனும் இருப்பின் அது சில கணங்களுக்கே அமைதல் வேண்டும். மூன்றாவது, கண்ணிடைத் தூரத்தை ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பொருத்துதல் வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிவோர் அதனைக் கழற்றாமலே அணிதல் வேண்டும். நான்காவது, அளவு நுட்பம் வேண்டும் தொழிலைக் கண்ணாடியின் கோட்டை மட்டும் நம்பிச் செய்யாது, அளவுகோலாலும் சரிபார்த்தல் வேண்டும். ஐந்தாவது, எழுத்து இரட்டித்தலோ தலையிடியோ தோன்றிய மாணவனை உடனே விடுவித்துக் கண் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். அவனது குறைபாட்டை அறிவித்த நன்மையாயினும் அக்கருவியால் விளைந்ததாகும்.

இவற்றோடு வெளிவெளிச்சத்தின் பயனையும் சேர்த்து எண்ணுதல் தகும். சீனாவின் குவாங்சௌ நகரத்துப் பாடசாலைகளில் நடந்து 2015 இல் வெளிவந்த ஆய்வில், நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியிற் கழித்த சிறுவருள் மூன்றாண்டில் குறும்பார்வை புதிதாகத் தோன்றியவர் நூற்றுக்கு 30 அளவினர். அவ்வாறு கழியாதோருள் 40 அளவினர். பொருள் பெரிதும் செலவின்றிக் கிடைக்கும் பாதுகாப்பு இது. கட்டுக்கரைக் குளக்கரையும் அரிப்புக் கடற்கரையும் உடைய நிலத்துச் சிறுவர்க்குச் சேய்மையும் வெயிலும் அருமையானவை அல்ல. புதுக்கருவியைப் பெறும் நாளில் அவை மாணவரின் நேர அட்டவணையிலிருந்து நீங்காது பார்த்துக்கொள்ளுதல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரிய கடமையாகும்.

கண்ணின் தசை மனிதனுக்காக மாறப்போவதில்லை. வில்லையையும் ஒளியையும் அமைப்பவன் மனிதனே. ஆதலின் மாறவேண்டியது கருவியே. அது மாறும்வரை, அரையும் ஒன்றும் இரண்டுமாகிய சில எண்களை மனத்திற்கொண்டு அதனைக் கையாள்வோர் அதன் பயனைப் பெறுவர், இடரைத் தவிர்ப்பர்.